பிசினஸ் கிளாஸும் தவறிப்போன முகூர்த்தமும்

போன மாசம் கும்பகோணத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிச்சு ஊஞ்சல்ல சாய்ஞ்ச நேரம் பார்த்து, தங்கச்சி பொண்ணு அவ அம்மாவோட கல்யாண ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்துட்டா. பத்து வயசு வாண்டு. ஒவ்வொரு பக்கமா திருப்பிக்கிட்டே வந்தவ, பொரி இடுற ஃபோட்டோ வந்ததும் நிறுத்தினா.

"மாமா, அம்மா கையில பொரி போடுறது யாரு?"

"எங்க சித்தப்பா பையன்டா கண்ணு. உனக்கு இன்னொரு மாமா."

"அண்ணன்தானே போடணும்? நீ எங்க போன?"

"நான் வந்துக்கிட்டுதான் இருந்தேன். ப்ளேன் லேட்டு."

சமையல்கட்டுலேர்ந்து தங்கச்சி குரல். "உங்க மாமா பிசினஸ் கிளாஸ்ல வந்தாருடி. அதான் லேட்டு!"

வாண்டு விடலை. "பிசினஸ் கிளாஸ்னா காசு ஜாஸ்திதானே? அப்ப அது சீக்கிரம் போகாதா மாமா?"

சிரிச்சு மழுப்பிட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா, அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா ஒரு அம்பது, அறுபது வருஷக் கதையைச் சொல்லியாகணும். பத்து வயசுக்கு அது ஜாஸ்தி. உங்களுக்குச் சொல்றேன். (நீங்க தப்பிக்க முடியாது!)

முதல்ல கொசுவத்தியைச் சுத்திடறேன்.

2012, தை மாசம். அப்ப நான் ஐரோப்பாவுல ஆணி புடுங்கிட்டிருந்தேன். எந்த ஊர், எந்த ஏர்லைன்ஸ்னு கேக்காதீங்க, கதைக்கு அது தேவையில்லை. ஞாயித்துக்கிழமை காலைல 7.30லேர்ந்து 9 மணிக்குள்ள தங்கச்சிக்கு முகூர்த்தம். தங்கமணி ஒரு மாசம் முன்னாடியே புள்ளையைத் தூக்கிட்டு ஊருக்குப் போயாச்சு. எனக்கு லீவு கெடைச்சது வெள்ளிக்கிழமைலேர்ந்துதான். வெள்ளிக்கிழமை காலைல 11 மணிக்கு ஃப்ளைட். ராத்திரி மும்பை, விடிகாலைல சென்னை, அங்கேர்ந்து காரு. சனிக்கிழமை மத்தியானம் கும்பகோணம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு பட்டு வேட்டி கட்டிக்கிட்டு நிக்கணும். கணக்கு பக்காவாத்தான் இருந்துச்சு.

ஆறு வருஷம் ஆபீஸ் வேலையா பறந்ததுல மைலேஜ் பாயிண்ட் நிறைய சேர்ந்திருந்தது. ஒரே தங்கச்சி கல்யாணம், ஒரு தடவையாவது துரை மாதிரி போவோமேன்னு மொத்தத்தையும் கொட்டி பிசினஸ் கிளாஸுக்கு மாத்தினேன். வாழ்க்கையில முதல் தடவை. சீட்டு பொத்தானை அமுக்கினா படுக்கையாகுது, மறுபடி அமுக்கினா நாற்காலியாகுது. கெளம்புறதுக்கு முன்னாடியே நாலு தடவை படுத்து எழுந்து பார்த்தேன். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் ஒரு மாதிரியா பார்த்தாரு. பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்.

11 மணி 12 ஆச்சு. ஏதோ ஒரு பாகத்துல கோளாறாம், மாத்திட்டிருக்காங்களாம். 1 ஆச்சு. ஜூஸ் வந்துச்சு. 2 ஆச்சு. முந்திரி வந்துச்சு, சுடப்பண்ணின முந்திரி. எக்கானமியில என்ன வந்துச்சுன்னு தெரியலை, நடுவுல திரை போட்டிருந்தாங்க.

அந்தத் திரை எப்ப வந்துச்சு, ஏன் வந்துச்சுங்கறதுதான் நம்ம கதை.

சாண்ட்விச் சண்டை

இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச காலத்துல அட்லாண்டிக்கைத் தாண்டுற விமானங்கள்ல ஒரே கிளாஸ்தான். ஏறினவன் எல்லாருமே பணக்காரன், அப்புறம் தனியா எதுக்கு வகுப்பு? 1952 மே மாசம்தான் 'டூரிஸ்ட்' வகுப்பு வந்துச்சு. 1958 ஏப்ரல்ல அதுக்கும் கீழ 'எக்கானமி' வந்துச்சு.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். அப்பல்லாம் டிக்கெட் விலையை ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ஐ.ஏ.டி.ஏ.ன்னு விமானக் கம்பெனிகளோட சங்கம் ஒண்ணு, அதுல எல்லாரும் கூடிப் பேசி ஒரே விலை வைப்பாங்க. விலை மட்டுமில்லை, தட்டுல என்ன வைக்கணும்கறது வரைக்கும் விதி. எக்கானமிக்கு சாண்ட்விச் மட்டும்தான், அதுவும் எளிமையா, சூடு பண்ணாததா, விலை மலிவா இருக்கணும்னு எழுதி வச்சாங்க.

ஸ்காண்டிநேவியாக்காரங்க இருக்காங்களே, எமகாதகனுங்க. அவங்க ஊர் சாண்ட்விச்சுக்கு மேல்ரொட்டி கெடையாது. ஒரு துண்டு ரொட்டியை அடியில வச்சு, அது மேல இறைச்சி, மீன், முட்டை, காய்கறின்னு கோபுரமே கட்டினாங்க. எஸ்.ஏ.எஸ். விமானத்துல எக்கானமிக்காரன் கத்தியும் முள்கரண்டியும் வச்சுக்கிட்டு 'சாண்ட்விச்' சாப்பிட்டான். அமெரிக்காவோட பான் ஆம் கம்பெனிக்குப் பொறுக்குமா? புகார் குடுத்துச்சு. 1958-ல சாண்ட்விச்சுன்னா என்னங்கறதைப் பத்தி விமானக் கம்பெனிகள் பஞ்சாயத்து வச்சு, கடைசியில எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு அபராதமும் போட்டாங்க. நெசமாத்தான் சொல்றேன்.

சிரிப்பா இருந்தாலும் உள்ள ஒரு பயம் இருக்கு. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவன் நல்லா சாப்பிட்டுட்டா, முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன் எதுக்குக் கூடக் காசு குடுப்பான்? கீழ இருக்கிறது கொஞ்சம் மட்டமா இருந்தாத்தான் மேல இருக்கிறதுக்கு மதிப்பு. இதை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வரும்.

ஜம்போ வந்தார், லேட்டா வந்தார்

1970-ல போயிங் 747. பான் ஆம் 1966-லயே 25 விமானத்துக்கு ஆர்டர் குடுத்திருந்தது. அதுக்கு முன்னாடி இருந்த 707-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல ஆள் ஏத்தலாம். 1970 ஜனவரி 15-ஆம் தேதி அமெரிக்க அதிபர் நிக்சனோட மனைவி பாட் நிக்சன் வந்து, சிவப்பு, வெள்ளை, நீலத் தண்ணியைப் பீய்ச்சி 'கிளிப்பர் யங் அமெரிக்கா'ன்னு ஒரு விமானத்துக்குப் பேர் வச்சாங்க.

ஜனவரி 21, சாயங்காலம் 7 மணி. நியூயார்க்லேர்ந்து லண்டனுக்கு, காசு வாங்கிட்டு ஆள் ஏத்திட்டுப் போற முதல் 747. உலகமே பார்க்குது.

கெளம்பலை.

எஞ்சின் ஒண்ணு ரொம்ப சூடாயிடுச்சு. எல்லாரையும் இறக்கி, வேற ஒரு 747-ஐக் கொண்டு வந்து, அதுல ஏத்தி, கெளம்பும்போது மணி விடிகாலை 1.52. தேதியே மாறிப்போச்சு. அதனாலதான் ஜம்போ ஜெட்டோட முதல் பயணம் ஜனவரி 22-ன்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கு. ஆக, நம்ம நீளமான பயணங்களோட சரித்திரமே கிட்டத்தட்ட ஏழு மணி நேரத் தாமதத்துலதான் ஆரம்பிக்குது.

மாத்து விமானத்தோட சொந்தப் பேரு 'கிளிப்பர் விக்டர்'. பதிவு எண் N736PA. (ஒரே ஒரு ஆங்கில எழுத்து விவகாரம், மன்னிச்சிடுங்க... வேண்டாம், தமிழ்லயே சொல்லிடறேன்: என் 736 பி ஏ.) அன்னிக்கு மட்டும் அதுக்கு 'யங் அமெரிக்கா'ன்னு பேரை மாத்தி அனுப்பினாங்க. இந்தப் பேரையும் ஞாபகம் வச்சுக்குங்க.

கோவத்துல பொறந்த கிளாஸ்

747-ல அப்ப ரெண்டே வகுப்பு. முதல் வகுப்பு, எக்கானமி. முதல் வகுப்புக்காரங்களுக்கு மாடிப்படி ஏறிப் போனா மேல ஒரு வரவேற்பறை. ஆனா பிரச்சினை பின்னாடி இருந்துச்சு. அம்மாம்பெரிய விமானத்தை ரொப்ப ஆள் இல்லை. 1973-ல எண்ணெய் விலை வேற எகிறிடுச்சு. காலியா பறக்கறதை விட கம்மி விலைக்கு வித்துடலாம்னு விதவிதமா தள்ளுபடி டிக்கெட் வந்துச்சு. 1977 செப்டம்பர் 26-ஆம் தேதி ஃப்ரெடி லேக்கர்ங்கிற ஆங்கிலேயர் 'ஸ்கைட்ரெய்ன்'னு ஒண்ணு விட்டாரு. லண்டன் - நியூயார்க் 59 பவுண்டு. முன்பதிவு கெடையாது. வரிசையில வந்து நின்னு டிக்கெட் வாங்கிட்டு ஏறு. நம்ம ஊர் அன்ரிசர்வ்டு மாதிரி.

இப்ப ஒரு கம்பெனி மேனேஜரை நெனச்சுப் பாருங்க. நாளைக்கு மீட்டிங், முந்தின நாள் டிக்கெட் எடுக்கறார், எக்கானமியிலயே முழு விலை. பக்கத்து சீட்டுல ரெண்டு மாசம் முன்னாடியே தள்ளுபடியில எடுத்த ஒரு காலேஜ் பையன். அதே சீட்டு, அதே சாப்பாடு. "நான் குடுத்தது எவ்வளவு, இவன் குடுத்தது எவ்வளவு?"

இந்தக் கேள்விதான் பிசினஸ் கிளாஸோட தாய், தகப்பன் எல்லாம். 1976-ல டச்சுக் கம்பெனி கே.எல்.எம். முழு விலை குடுத்த எக்கானமிக்காரங்களை முன்னாடி, முதல் வகுப்புக்கு அடுத்தாப்புல தனியா உட்கார வச்சுது. சீட்டு அதே சீட்டுதான்! 1978-ல டி.டபிள்யூ.ஏ. இதையே செஞ்சு பார்த்து, ஜனங்க சண்டை போட்டதால விட்டுடுச்சு. அதே வருஷம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 'கிளப்'னும் பான் ஆம் 'கிளிப்பர்'னும் பேர் வச்சு தனி வகுப்பை அறிவிச்சாங்க. 1979-ல ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ். உலகத்துலயே முதல் பிசினஸ் கிளாஸ் எங்களுதுதான்னு அவங்க சொல்லிக்கறாங்க. யார் முதல்லங்கறதுல இன்னிக்கும் போட்டி உண்டு.

கவனிச்சீங்களா? ஆரம்பத்துல அகல சீட்டு இல்லை, படுக்கை இல்லை, சுடப்பண்ணின முந்திரியும் இல்லை. ஒரே ஒரு திரை. 'நீ வேற, அவன் வேற'ன்னு சொல்றதுக்கு ஒரு துணி. மத்ததெல்லாம் அப்புறமா ஒவ்வொண்ணா சேர்த்தது. சீட்டு நேரா நீட்டிப் படுக்கற மாதிரி ஆனது ரொம்பப் பின்னாடி. பிசினஸ் கிளாஸ்ல முழுசா தட்டையான படுக்கையை 2000-ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல்ல கொண்டு வந்துச்சு.

இப்ப வாண்டோட கேள்விக்கு பாதி பதில். காசு குடுத்தா சீக்கிரம் போகிற ப்ளேன் ஒண்ணு நெசமாவே இருந்துச்சு. கான்கார்ட். 1976 ஜனவரி 21-லேர்ந்து 2003 அக்டோபர் 24 வரைக்கும் ஓடுச்சு. லண்டன் - நியூயார்க் மூணரை மணி நேரம் சொச்சம். உள்ள இடுக்கலா இருக்கும், சீட்டு சின்னது. ஆனா அதுல வித்தது நேரம். அது நின்னு போச்சு. அதுக்கப்புறம் எவ்வளவு காசு குடுத்தாலும் முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே நிமிஷத்துலதான் தரையைத் தொடும். பிசினஸ் கிளாஸ் விக்கறது வேகத்தை இல்லை. சொகுசா காத்திருக்கறதை.

என் நேரம் முடிஞ்சுது

நம்ம விமானத்துக்கு வருவோம். சாயங்காலம் 5 மணி வாக்குல பாகம் மாத்தியாச்சுன்னாங்க. அப்பாடான்னு பெல்ட்டை மாட்டினேன். இப்பக் கெளம்பினாலும் சனிக்கிழமை ராத்திரிக்குள்ள வீடு போய்ச் சேர்ந்துடலாம். மாப்பிள்ளை அழைப்பு போனா போகுது, முகூர்த்தம் கெடைக்கும்.

கதவு சாத்தலை. கேப்டன் மைக்குல பேசாம நேரா எழுந்து வந்து, முன்னாடி எங்க பகுதி வாசல்ல நின்னாரு. அம்பது வயசு இருக்கும், தொப்பியைக் கையில வச்சிருந்தாரு. விமானம் ரெடி, ஆனா நாங்க காலைலேர்ந்து டூட்டியில இருக்கோம், இனிமே கெளம்பினா மும்பையில இறங்கறதுக்குள்ள எங்க அனுமதிக்கப்பட்ட நேரம் தாண்டிடும், என் நேரம் முடிஞ்சுது, மன்னிக்கணும், நாளைக்கு வேற குழு வந்து கூட்டிட்டுப் போகும்னாரு.

எனக்கு எங்கேர்ந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ. எழுந்து நின்னு கத்தினேன். இன்னும் ரெண்டு மணி நேரம் கூட ஓட்டினா என்ன கெட்டுப் போகும், என் தங்கச்சிக்குக் கல்யாணம், நான் பிசினஸ் கிளாஸ் பயணி... இந்தக் கடைசி வார்த்தையை நான் சொன்னேன் மக்களே. மைலேஜ் பாயிண்ட்டுல வந்தவன் சொன்னேன்! மனுஷன் பதிலுக்குப் பேசலை. கேட்டுக்கிட்டாரு. "உங்க தங்கச்சிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க"ன்னுட்டு அடுத்த ஆள் திட்டறதைக் கேக்கப் போயிட்டாரு. முன்வரிசையில நாங்க ஏழெட்டுப் பேர் கத்தினோம். திரைக்குப் பின்னாடியிலேர்ந்து கொழந்தை அழற சத்தம் மட்டும்தான் வந்துச்சு.

ஓட்டலுக்கு ஒரே பஸ்ஸு. அதுல திரை இல்லை. என் பக்கத்துல மடியில பேரனைப் படுக்க வச்சுக்கிட்டு ஒரு பாட்டி, சூரத் பக்கமாம். அஞ்சாறு மணி நேரம் எக்கானமி சீட்டுல உட்கார்ந்த களைப்பு. பையிலேர்ந்து ஒரு டப்பாவை எடுத்து தேப்லா ரெண்டை என் கையில வச்சாங்க. சுடப்பண்ணின முந்திரி தின்ன எனக்கு!

ராத்திரி தங்கச்சிக்கு ஃபோன் போட்டேன். மருதாணி வச்சிருந்ததால யாரோ அவ காதுல ஃபோனைப் பிடிச்சாங்க போல. "பரவால்லண்ணா. சித்தப்பா பையன் பொரி போடட்டும். நீ பத்திரமா வா"ன்னா. அதுக்கப்புறம் ரெண்டு பேருமே ஒண்ணும் பேசலை.

அப்புறம் ஒரு விஷயம். ஐரோப்பாவுல 2005 பிப்ரவரிலேர்ந்து ஒரு சட்டம் உண்டு. விமானம் ரத்தானா நஷ்டஈடு. தாமதத்துக்கும் அது உண்டுன்னு 2009 நவம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. 3,500 கிலோமீட்டருக்கு மேல போகிற விமானம்னா 600 யூரோ. எழுதிப் போட்டேன், சில மாசம் இழுத்தடிச்சுக் குடுத்தாங்க. அந்தச் சட்டத்தைப் படிச்சப்ப ஒண்ணு உறைச்சுது. அதுல கிளாஸ் கணக்கே கெடையாது. எனக்கும் 600, அந்தப் பாட்டிக்கும் 600, மடியில தூங்கின பேரனுக்குத் தனி டிக்கெட் இருந்திருந்தா அவனுக்கும் 600. 1929-ல வார்சா நகரத்துல போட்ட உடன்படிக்கையிலயே தாமதத்தால வர்ற நஷ்டத்துக்கு விமானக் கம்பெனி பொறுப்புன்னு இருக்கு. அதுலயும் கிளாஸ் பிரிக்கலை. வெலை போட்டு வித்தவன்தான் பிரிச்சான், சட்டம் பிரிக்கலை. தொலைஞ்சு போன ஒரு நாள் யாருக்குமே ஒரு நாள்தான்னு சட்டத்துக்குத் தெரிஞ்சிருக்கு.

அதே விமானம்

ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, சும்மா விமானக் கதைகளை மேஞ்சுக்கிட்டிருந்தப்பதான் அந்தப் பேர் மறுபடி கண்ணுல பட்டுச்சு. கிளிப்பர் விக்டர். முதல் ஜம்போ பயணத்துல ஆபத்பாந்தவனா வந்த மாத்து விமானம்.

1977 மார்ச் 27, ஞாயித்துக்கிழமை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகள்ல லாஸ் பல்மாஸ் விமான நிலையத்துப் பூக்கடையில ஒரு குண்டு வெடிச்சுது. வர வேண்டிய விமானங்களையெல்லாம் பக்கத்துத் தீவான டெனரிஃபுக்குத் திருப்பி விட்டாங்க. சின்ன விமான நிலையம். நிக்க இடமில்லாம ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நின்னுச்சு. அதுல ரெண்டு 747. ஒண்ணு கே.எல்.எம். இன்னொண்ணு பான் ஆமோட கிளிப்பர் விக்டர்.

மணிக்கணக்கா காத்திருப்பு. கே.எல்.எம். கேப்டன் ஃபான் ஸான்டன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்தக் கம்பெனியில 747 ஓட்டக் கத்துக் குடுக்கற தலைமைப் பயிற்சியாளர். கம்பெனி விளம்பரத்துல அவர் படம்தான் இருக்கும். ஆனா அவருக்கும் டூட்டி நேரக் கவலை. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் நெதர்லாந்துல விதியை இறுக்கியிருந்தாங்க. முன்ன மாதிரி கேப்டன் இஷ்டத்துக்கு நேரத்தை நீட்டிக்க முடியாது, மீறினா வழக்கு வரைக்கும் போகலாம். இன்னிக்குள்ள ஆம்ஸ்டர்டாம் திரும்பலைன்னா எல்லாரையும் ஓட்டல்ல தங்க வைக்கணும். நேரத்தை மிச்சம் பிடிக்க அங்கேயே எரிபொருள் ரொப்பினாரு. பின்னாடி நின்ன பான் ஆம் விமானத்துக்கு அவரைத் தாண்டிப் போக வழியில்லை, அதுவும் காத்திருந்துச்சு. அதுக்குள்ள பனிமூட்டம் எறங்கிடுச்சு.

ஒரே ஓடுபாதை. கே.எல்.எம். ஒரு கோடியில திரும்பி நின்னுச்சு. பான் ஆம் இன்னும் அதே ஓடுபாதையில மெதுவா வந்துக்கிட்டிருந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியலை. கோபுரத்துலயிருந்தும் ரெண்டு பேரையும் பார்க்க முடியலை. புறப்பட அனுமதி வரலை. ஆனா கேப்டன் கெளம்பிட்டாரு. அந்த அமெரிக்க விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகலையோன்னு கூட இருந்த பொறியாளர் சந்தேகமா கேட்டார். போயிடுச்சுன்னு அழுத்தமா பதில் வந்துச்சு.

583 பேர். கே.எல்.எம்.ல இருந்த 248 பேருல ஒருத்தர் கூடப் பிழைக்கலை. பான் ஆம்ல 396 பேருல 61 பேர் தப்பிச்சாங்க. விமான விபத்துன்னு எடுத்துக்கிட்டா இன்னிக்கு வரைக்கும் அதை விடப் பெருசு கெடையாது.

இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மணி நேரம் கூட ஓட்டினா என்ன கெட்டுப் போகும்னு கேட்டேனே.

விதி நல்லது, மீறினவன் கெட்டவன்னு சுளுவா சொல்லிட்டுப் போக முடியாதுங்கறதும் புரிஞ்சுது. களைச்சுப் போனவன் ஓட்டக் கூடாதுன்னு போட்ட விதிதான் அன்னிக்கு ஃபான் ஸான்டனை அவசரப்படுத்தின காரணங்கள்ல ஒண்ணு. பனிமூட்டம், ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கேக்காம போன ரேடியோ பேச்சு, பெரியவர் சொன்னா எதுத்துக் கேக்கத் தயங்குற பழக்கம், எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. அதுக்கப்புறம் ரேடியோவுல பேசற வார்த்தைகளையே மாத்தினாங்க. 'டேக் ஆஃப்'ங்கிற சொல்லை அதுக்கு அனுமதி குடுக்கும்போதும் அந்த அனுமதியை ரத்து பண்ணும்போதும் தவிர வேற எப்பவும் சொல்லக் கூடாது. கேப்டன் தப்பு செஞ்சா கூட இருக்கறவங்க தயங்காம சொல்லணும்னு விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே வந்துச்சு.

ஆனா விதியால மட்டும் ஆகாத ஒண்ணு இருக்கு. 'இன்னிக்கு முடியாது, லேட்டாகும்'னு முன்னாடி வந்து நின்னு சொல்ற தைரியம். எத்தனை பேர் கத்தினாலும் சொல்றது. என் கேப்டன்கிட்ட அது இருந்துச்சு. விமானம் ரெடியா நின்னுச்சு, முகூர்த்தம்னு ஒருத்தன் கத்தறான், கம்பெனிக்கு நஷ்டம். மனுஷன் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு, என் நேரம் முடிஞ்சுதுன்னாரு.

2025 டிசம்பர்ல நம்ம நாட்டுலயும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாச்சே, ஞாபகம் இருக்கா? விமானிகளோட வாராந்திர ஓய்வை 36 மணியிலேர்ந்து 48 மணி நேரமாக்கி, ராத்திரி இறக்கங்களைக் கொறைச்சு புது விதி வந்தப்ப, அதுக்குத் தேவையான ஆளைத் தயார் பண்ணி வைக்காததால வந்த கூத்து. டிவியில ஜனங்க கௌண்டர்ல கத்தறதைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் போறவங்க, பரீட்சைக்குப் போறவங்க. அவங்க கோவம் நியாயம்தான். ஆனா 'என்ன பெரிய ஓய்வு'ன்னு ஒருத்தர் சொன்னப்ப எனக்கு என் குரலே கேட்ட மாதிரி இருந்துச்சு.

கடைசிப் பந்தி

சனிக்கிழமை மத்தியானம் கெளம்பி, ஞாயிறு விடிகாலை மும்பை. முதல் விமானத்தைப் பிடிச்சு சென்னைல இறங்கினப்ப மணி ஏழரை. அங்க முகூர்த்தம் ஆரம்பிச்சாச்சு. விக்கிரவாண்டிக்கு அப்புறம் அந்தக் காலத்து ரோடு எப்படியிருக்கும்னு தஞ்சாவூர்க்காரங்களுக்குத் தெரியும். வழியிலயே தாலி கட்டியாச்சுன்னு தங்கமணி ஃபோன் பண்ணினா. பின்னணியில கெட்டிமேளம் கேட்டுச்சு. டிரைவர் தம்பி பாட்டை நிறுத்திட்டாரு.

மண்டபத்துக்குள்ள நான் நுழையும்போது மணி ரெண்டு. கடைசிப் பந்தி. எலை எடுத்துக்கிட்டிருந்தாங்க. தங்கச்சி மாலையோட ஓடி வந்து, "பிசினஸ் கிளாஸ் துரை வந்துட்டாரு"ன்னு சிரிச்சா. அப்புறம் அழுதா. நானும்தான். அந்தக் கேப்டன் வாழ்த்து சொன்னதை மட்டும் அன்னிக்கு அவகிட்ட சொல்லலை. அப்பவும் எனக்குக் கோவம் ஆறலை.

போன மாசம்தான் சொன்னேன். ஆல்பத்தை மூடி வச்சுட்டு, சமையல்கட்டுக்குப் போய், "உன் கல்யாணத்துக்கு ஒருத்தர் வாழ்த்து சொல்லச் சொன்னாரு, லேட்டாயிடுச்சு"ன்னு ஆரம்பிச்சு முழுசா சொன்னேன். அவ கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கேட்டா. "நல்ல மனுஷன்ணா. நீ ஏன் இவ்ளோ நாள் சொல்லலை?"ன்னா.

வாண்டு வாசல்லயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. "அப்ப பிசினஸ் கிளாஸ் சீக்கிரம் போகாதா மாமா?"

"போகாதுடா கண்ணு. எல்லாரும் ஒண்ணாத்தான் போய்ச் சேருவோம்."

டிஸ்கி: அதுக்கப்புறம் மறுபடியும் மைலேஜ் பாயிண்ட் சேர்ந்துச்சு. தங்கமணிக்கு மிக்சி வாங்கிட்டேன். உங்க லேட்டான கதைகளையும் எடுத்து விடுங்க, கேக்கறேன் :-)